செம்மறி ஏன் குறைகிறது, வெள்ளாடு ஏன் கூடுகிறது?

தமிழ்நாட்டில் பசுமாட்டை விட வெள்ளாடு அதிகம். 2019-ஆம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்புப்படி பசுவும் காளையும் சேர்த்துச் சுமார் 95 லட்சம், வெள்ளாடு மட்டும் சுமார் 99 லட்சம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பு நடந்த 2012-இல் வெள்ளாடு 81 லட்சமாக இருந்தது. ஏழு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. அதே காலத்தில் செம்மறி 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாக இறங்கியிருக்கிறது.

இரண்டையும் இங்கே வளர்ப்பது கறிக்காகத்தான். நீலகிரி ஆடு, கோவைக் குரும்பை ஆடு போன்ற சிலவற்றை விட்டால் நம் செம்மறிகளுக்குக் கம்பளி கிடையாது. கசாப்புக் கடையில் தொங்கும்போது இரண்டுக்கும் மட்டன் என்றுதான் பெயர், அந்த மட்டனின் விலையோ வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. விற்பனைக்குக் குறைவில்லை, விலைக்கும் குறைவில்லை. அப்படியிருக்க ஒன்று பெருகுவதும் மற்றது குறைவதும் ஏன்? கறி விலையை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. வெள்ளாடு வீட்டை நம்பி வாழ்கிறது, செம்மறி யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தை நம்பி வாழ்கிறது. அந்த நிலம்தான் இப்போது இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். விளாத்திகுளம், சாத்தூர், கமுதி, முதுகுளத்தூர் பக்கமெல்லாம் மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை எதிர்பார்த்து விதைப்பார்கள். உளுந்தோ மக்காச்சோளமோ மிளகாயோ தை, மாசிக்கு மேல்தான் காசாகும். வரவு வருடத்துக்கு ஒருமுறை என்றாலும் செலவு அப்படிக் காத்திருப்பதில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், ஆடியில் கோயில் கொடை வரும், புரட்டாசியில் விதைக்கும் உரத்துக்கும் கை நீட்ட வேண்டும், அடுத்த மாதமே தீபாவளி. சொந்த நிலமே இல்லாமல் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமானது. அதை அடைப்பது வீட்டு வாசலில் கட்டிக்கிடக்கும் இரண்டு மூன்று ஆடுகள்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று. கரிசல் காட்டின் கன்னி, கொடி என்ற இரண்டு இனங்களுக்கும் இரட்டைக் குட்டி சாதாரணம். மூன்று தாய் ஆடு நிற்கும் வீட்டில் இரண்டு வருடத்தில் ஒன்பது ஈற்று. ஈற்றுக்கு ஒன்றரை என்று குறைத்து வைத்தாலும் பதின்மூன்று குட்டிக்குக் குறையாது. சீக்கு, தெருநாய், லாரிச் சக்கரம் என்று மூன்றைக் கழித்தால் பத்து நிற்கும். அதில் பாதி கிடாய். பெட்டையைத் தாய்க்கு வைத்துக்கொண்டு கிடாயை விற்றால், இரண்டு வருடத்தில் ஐந்து தடவை கையில் காசு புரளும்.

ஐந்து தடவை என்பதுதான் இங்கே முக்கியம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் தேவைப்படுகிறது என்பதற்காகக் கறவை மாட்டில் கால்வாசியை விற்க முடியாது. நகையை அடகு வைக்கலாம், அன்றிலிருந்தே வட்டி ஓடும். வங்கி பட்டா கேட்கும், ஜாமீன் கேட்கும். ஆட்டை விற்கக் காகிதம் எதுவும் வேண்டாம். சொல்லி அனுப்பினால் வியாபாரி வாசலுக்கே வருவார், மாலைக்குள் ரொக்கம் கைக்கு வந்துவிடும். எவ்வளவு பணம் வேண்டுமோ அந்த அளவுக்கு ஒரு குட்டியைப் பார்த்துப் பிடித்துக் கொடுக்கலாம்.

இதை விட்டுவிட்டு ‘ஆடு வளர்ப்பில் லாபம் எவ்வளவு?’ என்று கேட்பவர்கள் பாதிக் கேள்விதான் கேட்கிறார்கள். எட்டு மாதம் வளர்த்திருந்தால் நல்ல விலை போயிருக்கும் கிடாயை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக நாலாம் மாதத்திலேயே தள்ளிவிடுகிறாள் ஒருத்தி. கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டம். ஆனால் அவள் எதிரில் இருந்த மற்ற வழி கந்துவட்டிதான். குறைந்த விலைக்கு விற்றதில் போன பணத்தை, வட்டியிலிருந்து தப்பக் கொடுத்த கட்டணம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு வேறு மாதிரி தெரியும். வாராவாரம் தவணை கேட்டு வரும் குழுக் கடன்கள் ஊருக்கு ஊர் பரவிய பிறகு, ஆடு விற்பனைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கடன் வாங்கி ஆடு வாங்குவதும், தவணை கட்ட அந்த ஆட்டையே விற்பதும் இன்று ஒரே தெருவில் நடக்கின்றன.

‘ஒருத்தி’ என்று சொன்னது சும்மா இல்லை. மாடு பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும், பால் பணம் சொசைட்டிக் கணக்கில் விழும். வெள்ளாடு பெண்ணின் பொறுப்பு, அதில் வரும் காசு பல வீடுகளில் அவளுடைய சிறுவாடு. தொரட்டியால் வேப்பங்குழையும் வாகையும் இழுத்துப் போடுவது, கழுநீர் வைப்பது, சாயங்காலம் குட்டியை எண்ணி அடைப்பது எல்லாம் அவளோ வீட்டுக் கிழவியோ செய்யும் வேலை. இந்த உழைப்புக்கு யாரும் கூலி போடுவதில்லை. ஆடு லாபம் தருகிறது என்று சொல்லும் திட்ட அறிக்கைகள் பலவற்றில் அந்த லாபம் பிறப்பது இந்தக் கூலி போடாத இடத்தில்தான்.

ஆடு வாங்கவே வழியில்லாதவர்களுக்கு வாரம் என்ற பங்கு வளர்ப்பு உண்டு. ஆடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. ஊருக்கு ஊர் விதிமுறை கொஞ்சம் மாறும். தலையீற்று யாருக்கு, தாய் செத்தால் யார் பொறுப்பு என்பதில்தான் சண்டை வரும். ஆனாலும் கையில் ஒரு பைசா இல்லாத குடும்பம் நாலைந்து வருடத்தில் சொந்தப் பட்டி போட இதை விட எளிதான வழி கிராமத்தில் இல்லை.

இந்தச் சேமிப்புக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. உங்கள் வீட்டில் மட்டும் கஷ்டம் என்றால் ஆடு காப்பாற்றும். ஊருக்கே கஷ்டம் என்றால் காப்பாற்றாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. தீவனம் இல்லை, தண்ணீர் இல்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் எல்லோரும் சந்தைக்கு ஓட்டுவார்கள், விலை விழும், மெலிந்த ஆட்டுக்கு அதிலும் பாதிதான் கிடைக்கும். 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழை வேறு விதம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கட்டுத்தறியில் நின்ற ஆடுகள் அப்படியே செத்தன. இறந்த ஆடு ஒன்றுக்கு அரசு 4,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தப் பணத்துக்கு எந்தச் சந்தையிலும் ஒரு தாய் ஆடு வாங்க முடியாது.

செம்மறியின் கதை இதிலிருந்து விலகிப் போகிறது. கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை, மேச்சேரி என்று ஊர்ப் பெயரும் மண்ணின் பெயரும் தாங்கிய இனங்கள் இவை. செம்மறி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். இரண்டு மூன்றை வாசலில் கட்டி வளர்க்கவும் முடியாது. மந்தையாக நடக்க வேண்டும், குனிந்து புல் மேய வேண்டும். ஐம்பது, நூறு உருப்படி இருந்தால்தான் ஒரு ஆளின் முழு நேர உழைப்புக்குக் கட்டும். ஆகவே செம்மறி வளர்ப்பு என்பது ஒரு முழுத் தொழில். பக்கத்தில் கூலிக்குப் போய்க்கொண்டே செய்கிற வேலை அல்ல.

அந்தத் தொழிலின் வருமானத்தில் ஒரு நல்ல பகுதி ஒரு காலத்தில் கறியில் வரவில்லை, கிடையில் வந்தது. அறுவடை முடிந்த வயலில் இரவு மந்தையை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணிலேயே இறங்கும். ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்ற சொலவடைக்குப் பின்னால் ரசாயனம் இருக்கிறது. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான், ஆட்டு எருவிலோ சுமார் 3 சதவீதம். சீக்கிரம் மட்கும், போட்ட பயிருக்கே கிடைக்கும். கிடை போட்டால் அள்ளுகூலி, வண்டிக்கூலி எதுவும் இல்லை. இதற்காக நிலத்துக்காரர் ஒரு ராத்திரிக்கு இத்தனை ஆட்டுக்கு இவ்வளவு என்று முன்பு நெல்லாக அளந்தார், இப்போது பணமாகத் தருகிறார்.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் என்ற மந்தைத் தலைவர்கள் மந்தைகளைச் சேர்த்துக்கொண்டு தஞ்சை, திருவாரூர் பக்கம் நடப்பது இந்தக் கணக்கில்தான். சொந்த ஊரில் கோடையில் புல் இருக்காது. காவிரிப் படுகையில் சம்பா அறுவடையாகி, ஊடுபயிராகத் தெளித்த உளுந்தும் பயறும் பறித்து முடிந்த பிறகு வயல் சும்மா கிடக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கும் வரை, சித்திரையும் வைகாசியும் கிடைக்காரர்களின் காலம். பகலில் தாய் ஆடுகள் தாள் மேயும், நடக்க முடியாத இளங்குட்டிகள் கூட்டுக்குள் கிடக்கும், இரவில் வயலுக்கு வயல் கிடை மாறும். ஒருவருக்கு மேய்ச்சல், இன்னொருவருக்கு உரம். நடுவில் அரசு இல்லை, வங்கி இல்லை, எழுத்து ஒப்பந்தம் இல்லை. வறண்ட நாட்டையும் நீர் நாட்டையும் பல தலைமுறைகளாக இணைத்து வந்த இதற்கு ஈடாக ஒரு வணிகத்தை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

இதைப் பொற்காலம் போலப் பேசுவதும் தப்பு. மந்தையின் பின்னால் நடந்தவர்களில் முன்பணத்துக்கு விடப்பட்ட சிறுவர்கள் இருந்தார்கள். டெல்டா மாவட்டங்களில் ஆடு மேய்க்கக் கொத்தடிமையாக வைக்கப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்ட செய்தி இன்னும் அவ்வப்போது வருகிறது. மலிவான மேய்ப்பு என்பதில் ஒரு பகுதி இந்த மலிவுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதால் செம்மறி குறைந்தது என்றால் அதற்காக வருத்தப்பட ஒன்றும் இல்லை.

குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. யூரியா மூட்டை மலிவாகக் கிடைத்தபோது கிடைக்கான தேவை இறங்கியது. போர்வெல் வந்த இடத்தில் கோடையிலும் நெல்லோ பருத்தியோ நிற்கிறது, சும்மா கிடக்கும் நாள்கள் சுருங்கிவிட்டன. சாலைகள் அகலமாகி வாகனம் பெருகிய பின் இருநூறு ஆட்டை ஓட்டிக்கொண்டு மாவட்டம் தாண்டுவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் காரியம். கீதாரியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அல்லது வளைகுடாவில். திறந்தவெளியில் குடும்பத்தோடு படுத்து எழும் இந்த வாழ்க்கைக்குப் பெண் கொடுக்க யாரும் தயாரில்லை என்பது எல்லாக் கிடையிலும் கேட்கும் பேச்சு.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது நிலம். கண்மாய்க் கரை, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் தரை, தரிசு ஆகியவைதான் செம்மறியின் அன்றாடத் தட்டு. அதில் ஒரு பகுதி பட்டாவாகிவிட்டது, ஒரு பகுதி காலனியாகவும் கட்டடமாகவும் ஆனது, ஒரு பகுதியைக் காற்றாலையும் சூரிய மின் பலகைகளும் எடுத்துக்கொண்டன. மீதியில் சீமைக் கருவேலம். இந்த மரம் இரண்டு ஆட்டின் தலையெழுத்தையும் பிரித்து எழுதியது என்றே சொல்லலாம். அதன் நிழலில் புல் முளைப்பதில்லை, ஆகவே செம்மறிக்கு அது சுவர். வெள்ளாடோ அண்ணாந்து மேயும் பிராணி. கருவேல இலையைத் தொடாவிட்டாலும் கோடையில் உதிரும் நெற்றைத் தேடித்தேடித் தின்னும். புல்லே இல்லாத பங்குனி, சித்திரையில் பல ஊர் வெள்ளாடுகளை உயிரோடு வைத்திருப்பது அந்த நெற்றுதான். தின்ற விதை செரிக்காமல் புழுக்கையில் விழுந்து புது இடத்தில் முளைக்கும். தன் மேய்ச்சல் காட்டைத் தானே விதைத்துக்கொண்டு, செம்மறியின் காட்டைக் குறைக்கிறது வெள்ளாடு.

காட்டு மேய்ச்சலிலும் கதவு சாத்தப்படுகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாள்களில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல்காரர்களின் பருவகால உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் நடந்துகொண்டே இருப்பவர்கள் எந்த ஊர்க் கிராம சபையில் போய் மனு கொடுப்பது?

சந்தை விஷயத்தில் இரண்டு ஆட்டுக்காரர்களும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். எட்டயபுரத்தில் சனிக்கிழமை, மேலப்பாளையத்தில் செவ்வாய், அய்யலூரில் வியாழன், செஞ்சியில் வெள்ளி என்று வாரச் சந்தைகள் விடியும் முன்பே கூடிவிடும். அங்கே ஆட்டைத் தராசில் நிறுத்துவது அரிது. வியாபாரி இடுப்பைப் பிடித்துப் பார்ப்பார், முதுகெலும்பை அமுக்குவார், ‘பத்து கிலோ கறி விழும்ணே, அதுக்கு மேல தேறாது’ என்பார். தேறும் என்பது அவருக்குத் தெரியும். வாரத்துக்கு நூறு ஆட்டைத் தொட்டுப் பார்ப்பவருக்கும் வருடத்துக்கு மூன்று ஆடு விற்பவருக்கும் நடக்கும் பேரம் அது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் விலை சொல்லும் உரிமை விற்பவர் பக்கம் கொஞ்சம் சாயும். அந்த நாள் பார்த்துக் கிடாயை வளர்த்துக் காத்திருக்க முடிந்தவர்களுக்கு நல்ல காசு. ஆனால் காத்திருக்க முடியாத ஆள்தானே பெரும்பாலும் ஆட்டை விற்கிறார்.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு உண்டு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் தொழிற்சாலைகள் வளர்ந்ததில் ஆட்டுத் தோலுக்குப் பங்குண்டு. வளர்த்தவருக்கு அதில் நேரடியாக எதுவும் வராது. சமீப வருடங்களில் பச்சைத் தோலின் விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் கசாப்புக் கடைக்காரரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

இனி அரசு. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், நிலமற்ற ஏழைப் பெண்களுக்குத் தலைக்கு நான்கு ஆடுகள், ஐந்து வருடத்தில் ஏழு லட்சம் குடும்பங்கள் என்று போனது. கேலி பேசியவர்கள் நிறைய. கிடைத்த ஆட்டை மறு வாரமே விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் 2012-க்கும் 2019-க்கும் இடையிலான வெள்ளாட்டுப் பெருக்கத்தைப் பார்க்கும்போது, பெண் பெயரில், சிறு எண்ணிக்கையில் கொடுத்தது சரியான யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆட்டின் இயல்பை அந்தத் திட்டம் புரிந்துவைத்திருந்தது. தெலங்கானா 2017-இல் வேறு வழி எடுத்தது. ஆடு வளர்க்கும் சமூகங்களுக்கு 75 சதவீத மானியத்தில் இருபது பெட்டை, ஒரு கிடா. அங்கே செம்மறி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கானது. அந்த ஆடுகளை வாங்கியது பெரும்பாலும் அண்டை மாநிலங்களில் என்பதால், நாட்டுக் கணக்கில் கூடியது எவ்வளவு, இடம் மாறியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

2021-இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கம் நேர் எதிர்த் திசையில் போகிறது. 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய். பரண் மேல் ஆடு, தீவனப் புல், போயர் என்ற வெளிநாட்டுக் கறி இனத்தின் கலப்பு என்று யூடியூபில் பார்த்துவிட்டு இறங்கும் படித்த இளைஞர்களுக்கு ஏற்ற திட்டம். பரணில் வளரும் ஆட்டுக்குத் தழையும் காசு, ஆளும் காசு. கறி விலையை மட்டும் வைத்து அந்தச் செலவை எடுப்பது கடினம். ஆரம்பத்தில் லாபம் பார்த்த பண்ணைகளில் பல, புதிதாகப் பண்ணை வைக்க வந்தவர்களுக்குத் தாய் ஆடு விற்றுத்தான் அந்த லாபத்தைப் பார்த்தன. புதிதாக வருபவர்கள் நின்றால் அந்த வருமானமும் நிற்கும்.

ஆட்டுக்காரருக்கு மானியத்தை விட அவசரமானது நோய். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் கண்டறியப்பட்டது விழுப்புரம் பக்கம் அரசூரில். அந்தக் கிருமியிலிருந்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செய்தது, அதற்கு ‘அரசூர் 87’ என்று ஊர்ப் பெயரே நிலைத்தது. ஒரு ஊசி மூன்று வருடத்துக்குத் தாங்கும். 2030-க்குள் இந்த நோயை உலகிலிருந்தே ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டு வெள்ளாட்டுக்கு ஊசி போடுவது எளிது, ஊர்வாரியாக முகாம் போட்டால் பெண்கள் கயிற்றில் பிடித்து வந்துவிடுவார்கள். கிடை ஆட்டுக்கு அப்படி இல்லை. முகாம் திருவாடானையில் நடக்கும் நாளில் மந்தை மன்னார்குடியில் நிற்கும். மன்னார்குடி மருந்தகத்தில் கேட்டால் அந்த ஆடு அவர்கள் கணக்கில் இருக்காது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில்தான், இடம் பெயரும் மேய்ச்சல்காரர்களின் மந்தைகளைத் தனியாகப் பதிவு செய்வது என்று முதன்முறையாக முடிவெடுத்தார்கள். ஊசியும் நிவாரணமும் ஆட்டை அடையாளம் காட்டும் காது வில்லையும் அந்தப் பதிவின் பின்னால்தான் போக முடியும்.